கப்பியும் கயிறும்: பாய்க்கப்பலில் ஏற்றி, கட்டி, இறக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பாயை ஏற்றக் கற்றுக்கொள்ள ஒரு காலைப்பொழுது போதும். அவசரத்தில் அதை இறக்கக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு பருவம் ஆனது. நான் பழகிய படகு பதினொரு மீட்டர் நீளம். ஒற்றைப் பாய்மரம், பழைய முறைப்படி மேல்தடியில், அதாவது காஃபில், தொங்கும் நாற்கோணப் பெரிய பாய். ஒரு மாலை மேற்கே வானம் கறுத்து வந்தது. பாயை இறக்கச் சொன்னார்கள். பாய் ஏற்றும் கயிற்றைக் காலையில் சுருட்டித் தொங்கவிட்டவன் நான்தான். அவிழ்த்து விட்டேன். நாலு மீட்டர் ஓடிய கயிறு முறுக்கிக்கொண்டு, மடிந்து, பாய்மரத்தின் அடியிலிருந்த கப்பியின் வாயில் போய் அடைத்துக்கொண்டது. பாய் பாதியில் நின்றது. அதற்குள் காற்று வந்துவிட்டது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, பாய் கிழிந்தது.

கப்பி எந்த அளவில் வேண்டும் என்பதிலிருந்து கயிற்றை எப்படிச் சுருட்டுவது என்பது வரை, கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தை மனதில் வைத்துத்தான். கயிறு தடையின்றி ஓடவேண்டிய நிமிடம் அது.

முதலில் சில சொற்கள்

தமிழில் இதற்குச் சொல் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். பாயை ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்மூலையைப் பிடித்துக் காற்றுக்கேற்ப இழுத்தும் தளர்த்தியும் வைக்கும் கயிறு தாமான். பாய் கட்டும் குறுக்குத்தடி பருமல். முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பாய் விரித்துச் சரக்கு ஏற்றிப் போன தோணிகள் இந்தத் தொழிலில் ஊறியவை. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி, பாய் விரித்தே அட்லாண்டிக்கைக் கடந்து 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் க்ளோசெஸ்டர் துறைமுகத்தைச் சேர்ந்தது. ஆஞ்சான், தாமான் என்ற சொற்களையே இங்கே பயன்படுத்துகிறேன். காஃப், ஷாக்கிள் (திருகால் மூடும் U வடிவ உலோக வளையம்), கிளீட் (கயிற்றைச் சுற்றிக் கட்டும் இரு கொம்புப் பிடி) போன்றவற்றை இன்று எல்லோரும் சொல்கிறபடியே விட்டுவிடுகிறேன்.

படி 1: கப்பியைக் கையில் எடுத்துப் பாருங்கள்

கப்பியில் நாலே நாலு பொருள். வெளிக்கூடு, உள்ளே சுழலும் உருளை, உருளையைத் தாங்கும் அச்சு, கப்பியை எங்காவது மாட்டுவதற்கான பட்டை அல்லது கயிற்று வளையம். கூட்டுக்கும் உருளைக்கும் நடுவே கயிறு நுழையும் இடைவெளிதான் கப்பியின் வாய். ஓர் உருளை இருந்தால் ஒற்றைக் கப்பி, இரண்டு இருந்தால் இரட்டைக் கப்பி. சில கப்பிகளின் அடியில் கயிற்றின் நிலைமுனையை, அதாவது இழுக்காமல் கட்டியே வைக்கும் முனையை, கட்ட ஒரு சின்ன வளையம் இருக்கும். பார்க்கச் சாதாரணமாக இருந்தாலும் கப்பி முறை முழுவதும் அந்த வளையத்திலிருந்துதான் தொடங்குகிறது.

இவ்வளவு எளிய பொருள்தான், ஆனால் ஒரு காலத்தில் கடற்படையே இதை நம்பி இருந்தது. 74 பீரங்கிகள் கொண்ட ஒரு போர்க்கப்பலுக்கு ஆயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையில் கப்பிகள் வேண்டும். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரி கப்பலில் இருந்த கயிறு ஏறத்தாழ 26 மைல். 1800களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் கப்பிகள் தேவைப்பட்டன. அதற்காகவே மார்க் ப்ரூனெல் வடிவமைத்து ஹென்றி மாட்ஸ்லே செய்துகொடுத்த 45 இயந்திரங்கள் போர்ட்ஸ்மவுத் கப்பல்தளத்தில் நிறுவப்பட்டன. 1808-இல் அங்கே 1,30,000 கப்பிகள் செய்தார்கள். 110 தச்சர்கள் கையால் செய்த வேலையைப் பத்துப் பேர் செய்தார்கள். ஒரே மாதிரிப் பொருளை இயந்திர வரிசையில் பெருமளவில் செய்வது என்ற வழக்கம் உலகில் தொடங்கிய இடங்களில் ஒன்று ஒரு கப்பித் தொழிற்சாலை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைகிறது.

அந்தக் கப்பிகளுக்குக் கூடு எல்ம் மரம், உருளை லிக்னம் வைட்டே என்ற மரம். இந்த இரண்டாவது மரம் தண்ணீரில் மூழ்கும் அளவு கனமானது. தனக்குள்ளேயே பிசின் எண்ணெய் வைத்திருப்பதால் மசகே இல்லாமல் வழுக்கும். இன்று அதன் வணிகத்துக்குப் பன்னாட்டுக் கட்டுப்பாடு இருக்கிறது. ஆகவே புதுக் கப்பிகளில் வெண்கல உருளையோ கடின பிளாஸ்டிக் உருளையோதான் பெரும்பாலும் கிடைக்கும்.

படி 2: கயிற்றுக்கேற்ற கப்பி

பழைய மரக்கப்பிகளுக்கு ஒரு கணக்கு உண்டு. இன்றும் அது பொய்க்கவில்லை. கயிற்றின் சுற்றளவை எடுத்துக்கொள்ளுங்கள். உருளையின் விட்டம் அதைப்போல் இரு மடங்கு, கூட்டின் நீளம் மூன்று மடங்கு. 12 மி.மீ. கயிற்றின் சுற்றளவு சுமார் 38 மி.மீ. ஆகவே உருளை 75 மி.மீ., கூடு 115 மி.மீ. வாக்கில் இருக்க வேண்டும்.

உருளை இதைவிடச் சின்னதாக இருந்தால் கயிறு கூர்மையாக வளையும். வெளிநார் விறைக்கும், உள்நார் நசுங்கும். கயிறு அறுவதற்குப் பல மாதம் முன்பே அது மொரமொரப்பாகி ஓட மறுக்கும். வாயின் அகலத்தையும் பாருங்கள். இயற்கை நார்க் கயிறு நனைந்தால் ஊதும். கடையில் காய்ந்த கயிற்றைக் கோத்துப் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று வாங்கிய கப்பி, மழையில் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். வாய் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தாராளமாகவே இருக்கட்டும். அதற்காக ரொம்பவும் அகலமான வாயும் ஆபத்து. மெல்லிய கயிறு உருளையை விட்டு நழுவி, உருளைக்கும் கூட்டுக்கும் நடுவே ஆப்பு போல இறங்கிவிடும்.

படி 3: எத்தனை உருளை என்று எண்ணுங்கள்

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். உண்மையில் விதி ஒன்றே ஒன்று: அசையும் கப்பியிலிருந்து எத்தனை கயிறு புறப்படுகிறது என்று எண்ணுங்கள். கப்பியின் வளையத்தில் கட்டிய முனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த எண்தான் உங்கள் பலம் பெருகும் மடங்கு.

எங்கள் படகின் உதாரணத்தையே சொல்கிறேன். பாய்மரத்தின் மேலே ஓர் இரட்டைக் கப்பி, காஃபின் அடிமுனையில், அதாவது பாய்மரத்தை ஒட்டிய முனையில், ஓர் ஒற்றைக் கப்பி. நிலைமுனை ஒற்றைக் கப்பியின் வளையத்தில். கயிறு மேலே போய், இறங்கி, மறுபடி மேலே போய், அங்கிருந்து என் கைக்கு வருகிறது. அசையும் கப்பியில் மூன்று கயிறு. ஆகவே மூன்று மடங்கு.

தூக்கவேண்டிய எடை 90 கிலோ என்றால் கையில் 30 கிலோதானே? இல்லை, உராய்வு இருக்கிறது. கயிறு கடக்கும் ஒவ்வோர் உருளைக்கும் எடையில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்பது சாதாரணக் கப்பிகளுக்குப் பழைய மாலுமிகள் போட்ட கணக்கு. மூன்று உருளைக்கு 27 கிலோ. 90 உடன் சேர்ந்து 117. மூன்றால் வகுத்தால் 39 கிலோ. கயிற்றைத் திருப்பிவிடப் பாய்மரத்தடியில் இன்னொரு கப்பி வைத்தால் 42.

இப்போது இதையே தலைகீழாகப் பாருங்கள். இறக்கும்போது அதே உராய்வு எடையைப் பிடித்து வைக்கிறது. நாலு உருளை இருந்தால் 90-இல் 36 கழிந்து, கைக்குத் தெரிவது 18 கிலோ அளவுதான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கப்பிகள் துருவேறி உராய்வு இரண்டரை மடங்காகிவிட்டால், காஃப் தன் எடையால் கீழே வராது. ஆகவே என் முடிவு உறுதியானது: சுலபமாக இழுக்கவேண்டும் என்று உருளைமேல் உருளை சேர்க்காதீர்கள். பாயை ஏற்ற இரண்டு நிமிடம் அதிகம் ஆனால் பரவாயில்லை. இறங்காத பாய்க்கு மாற்று இல்லை.

இன்னொரு கணக்கும் அவசியம். மேல்கப்பி தாங்குவது 90 கிலோ மட்டுமல்ல. நீங்கள் இழுக்கும் 39 கிலோவும் அதன்மேல்தான், மொத்தம் 129. கயிற்றைத் திருப்பிவிடும் கப்பிகளுக்கும் இதேபோல்தான். கயிறு போய் அப்படியே நேர் எதிராகத் திரும்பி வந்தால் கயிற்றிலுள்ள இழுவையைப்போல் இரு மடங்கு, செங்கோணத்தில் திரும்பினால் 1.4 மடங்கு அந்தக் கப்பியின் ஷாக்கிளில் விழும். தளத்தில் பிய்த்துக்கொண்டு பறக்கும் கப்பிகள் பெரும்பாலும் இப்படித் திருப்பிவிட வைத்தவைதான்.

நீளத்தை மறந்துவிடக்கூடாது. மூன்று மடங்கு பலம் என்றால் மூன்று மடங்கு கயிறு. காஃப் 6 மீட்டர் ஏற 18 மீட்டர் இழுக்க வேண்டும். தளத்திலிருந்து 8 மீட்டர் உயரத்தில் மேல்கப்பி இருந்தால், கட்டுவதற்கும் பிடிப்பதற்கும் சேர்த்து 30 மீட்டராவது வாங்குங்கள்.

படி 4: கயிறு

மணிலாக் கயிறு பிலிப்பைன்ஸின் அபாகா நாரிலிருந்து வருவது. அபாகா வாழையின் உறவு. கைக்கு நல்ல பிடி, வெயிலைத் தாங்கும். ஆனால் ஈரத்தில் வைத்தால் உள்ளே மக்கும். 12 மி.மீ. மணிலா ஒரு டன் வாக்கில் அறும். அதே தடிமன் பாலியஸ்டர் இரண்டு டன்னுக்கு மேல் தாங்கும், அதிகம் நீளாது, மக்காது. ஆஞ்சானுக்கும் தாமானுக்கும் நான் பாலியஸ்டரையே சொல்வேன். நைலான் நன்றாக நீளும். அந்தக் குணம் நங்கூரக் கயிற்றுக்கு வரம், ஆஞ்சானுக்குச் சாபம். தேங்காய் நார்க் கயிறு மிதக்கும், ஆனால் பலம் குறைவு.

முறுக்குக் கயிற்றை எடுத்து நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள். புரிகள் கீழிருந்து வலப்பக்கமாக ஏறினால் அது வலமுறுக்கு. கிடைப்பதில் பெரும்பகுதி இதுதான். இந்தக் கயிறு கடிகாரச் சுற்றில் சுருள விரும்பும். புதுச் சுருளை வெளிப்பக்கத்திலிருந்து இழுக்காதீர்கள். உள்முனையை, எதிர்க்கடிகாரச் சுற்றில் வரும்படி எடுங்கள். தவறாக எடுத்தால் புதுக் கயிற்றிலேயே முடங்கல் விழும். ஒருமுறை இறுக்கமாக முடங்கிய இடம் என்றைக்கும் பலவீனம்தான்.

முனையைக் கண்ணியாகப் பின்னிச் சேர்த்தால் பலம் பெரும்பாலும் நிற்கும். முடிச்சுப் போட்டால் மூன்றில் ஒரு பங்கையாவது இழக்கலாம். நிரந்தரமாக இருக்கவேண்டிய முனைக்குப் பின்னலே சரி.

பழைய கயிற்றைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. புரிகளை விரலால் பிரித்து உள்ளே பாருங்கள். வெளியே சாம்பல் நிறமாக இருந்தாலும் உள்ளே வெளிர் நிறமாக, நீளமான நாராக இருந்தால் நல்லது. பொடி உதிர்ந்தாலோ புளித்த வாடை வந்தாலோ அந்த மணிலாவை ஆஞ்சானாக ஒருநாளும் விடாதீர்கள்.

படி 5: கப்பியைப் பிரித்துப் பார்ப்பது

பருவம் தொடங்கும்முன் எல்லாக் கப்பிகளையும் கீழே இறக்கிப் பிரியுங்கள். அச்சைத் தட்டி வெளியே எடுத்துத் துணியால் துடைத்து, நகத்தை அதன்மேல் ஓட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் பள்ளம் தட்டுப்பட்டால் சுமை அந்தப் பக்கமே உட்கார்ந்திருந்திருக்கிறது. லேசான தேய்மானம் என்றால் அச்சைத் திருப்பி வேறு பக்கம் காட்டிப் போடலாம். நகம் நின்றுவிடும் அளவு பள்ளம் என்றால் அச்சை மாற்றுங்கள். வளைந்த அச்சை நிமிர்த்த முயல வேண்டாம்.

அப்புறம் கூடு. விரிசல் பெரும்பாலும் அச்சுத் துளையிலிருந்துதான் கிளம்பும். அதை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மரக்கூட்டுக்குக் காய்ச்சாத ஆளிவிதை எண்ணெயைப் பலமுறை மெல்லிசாகப் பூசுங்கள். வாயின் உள்ளே வார்னிஷ் பூசாதீர்கள். அது உரிந்து உருளையோடு ஒட்டும். வெண்கல உருளைக்கு அச்சில் கிரீஸ் வையுங்கள். குண்டு பேரிங் வைத்த நவீன பிளாஸ்டிக் கப்பிகளுக்கு மட்டும் கிரீஸ் கூடவே கூடாது. உப்பும் தூசியும் அதில் ஒட்டி அரைக்கும். அவற்றுக்கு நல்ல தண்ணீரில் கழுவுவதே பராமரிப்பு.

மாட்டும்போது ஒவ்வொரு ஷாக்கிளின் திருகையும் மெல்லிய கம்பியால் கட்டிவிடுங்கள். படகின் ஆட்டத்தில் திருகு தானாகக் கழன்றுகொள்ளும். தலைக்கு மேல் எட்டு மீட்டரில் தொங்கும் பொருளுக்கு இந்த இரண்டு நிமிட வேலையைத் தவிர்க்கவே கூடாது.

படி 6: கோர்ப்பது

மேலே ஏற்றியபின் கோர்க்காதீர்கள். இரண்டு கப்பிகளையும் தளத்தில் ஒரு கை இடைவெளியில் வைத்துக் கோருங்கள். மேலே இருக்கப்போகும் இரட்டைக் கப்பியின் ஓர் உருளைக்குள் வெளிப்பக்கத்திலிருந்து கயிற்றை நுழைத்து ஒற்றைக் கப்பிக்குக் கொண்டுவாருங்கள். அதைச் சுற்றி, மறுபடி இரட்டைக் கப்பியின் இரண்டாவது உருளைக்குப் போய், திரும்பி வந்து ஒற்றைக் கப்பியின் வளையத்தில் முடியுங்கள். முதலில் நுழைத்த பக்கம்தான் உங்கள் இழுமுனை.

பின் இருவர் ஆளுக்கொரு கப்பியைப் பிடித்து இழுத்து விரியுங்கள். கயிறுகள் ஒன்றையொன்று சுற்றாமல் இணையாக ஓடுகின்றனவா பாருங்கள். சுற்றியிருந்தால் பெரும்பாலும் ஒற்றைக் கப்பி கவிழ்ந்திருக்கும். அதைத் திருப்பினால் போதும். மேலே போனபின் இதைச் சரிசெய்ய ஒருவர் பாய்மரம் ஏற வேண்டியிருக்கும்.

படி 7: ஏற்றுவது

காஃப் பாய்க்கு இரண்டு ஆஞ்சான். ஒன்று காஃபின் அடிமுனைக்கு, இன்னொன்று நுனிக்கு. படகின் அணியத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பி, தாமானைத் தளர்த்திவிட்டு, இரண்டையும் சேர்த்து இழுங்கள். காஃப் ஏறக்குறையக் கிடையாகவே மேலே போகட்டும். அடிமுனை ஆஞ்சானை முதலில் இறுக்கிக் கட்டுங்கள். அப்புறம்தான் நுனி. நுனி மேலே போகப்போக, பாயில் நுனியிலிருந்து முன் கீழ்மூலை வரை ஒரு மெல்லிய மடிப்பு விழும். அங்கே நிறுத்துங்கள். காற்று நிறைந்ததும் அந்த மடிப்பு மறையும். மடிப்பு எதிர்க்கோணத்தில், அடிமுனையிலிருந்து பின் கீழ்மூலைக்கு ஓடினால் நுனி இன்னும் ஏறவேண்டும்.

கடைசிச் சில அங்குலத்துக்கு வெறும் இழுவை போதாது. ஒருவர் கயிற்றை முளைக்கு, அதாவது கயிறு கட்டுவதற்கென்று செருகியிருக்கும் தடிக்கு, அடியில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடிக்கட்டும். மற்றவர் முளைக்கு மேலே நீண்டு நிற்கும் பகுதியைப் பக்கவாட்டில், வில் நாணைப்போல் இழுத்து, கீழ்நோக்கி விடட்டும். கிடைக்கும் தளர்வை முதலாமவர் உடனே உள்ளே இழுத்துக்கொள்வார். நாலைந்து முறையில் கயிறு தந்தி போலாகிவிடும். சேர்ந்து இழுக்க ஒரு குரல் வேண்டும். கத்தவேண்டியதில்லை, ஆனால் கட்டளை சொல்பவர் ஒருவர்தான்.

கை எப்போதும் கப்பியிலிருந்தும் முளையிலிருந்தும் ஒரு கை நீளம் தள்ளியே இருக்கட்டும். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. தளத்தில் கிடக்கும் கயிற்று வளையத்துக்குள் கால் வைக்கக் கூடாது. இறுகிய கயிறு வளையும் இடத்தின் உட்புறத்தில் நிற்கவும் கூடாது. அந்தக் கப்பி பிய்த்துக்கொண்டால் கயிறு பறக்கும் வழி அதுதான்.

படி 8: முளையில் கட்டுவது

கயிற்றை முதலில் முளையின் அடிப்பக்கம் சுற்றிக் கொண்டுவாருங்கள். சுமையை ஏற்பது இந்த முதல் சுற்றுதான். பின் மேலும் கீழுமாக எட்டு வடிவில் மூன்று முறை. அவ்வளவுதான், கடைசியில் பூட்டு முடிச்சு வேண்டாம். மணிலா நனைந்து ஊதினால் அந்தப் பூட்டு கத்திக்குத்தான் வழிவிடும். இன்றைய வழுக்கும் கயிற்றைச் சின்ன கிளீட்டில் கட்டும்போது ஒரு பூட்டுப் போடுகிறவர்கள் உண்டு. ஆஞ்சானில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். தாமானில் ஒருபோதும் வேண்டாம். திடீர்க் காற்றில் அந்த நொடியே விட வேண்டிய கயிறு அது.

படி 9: சுருட்டுவது

என் பாய் கிழிந்தது இந்தப் படியில்தான். அன்று நான் கயிற்றின் தளர்ந்த முனையிலிருந்து முளையை நோக்கிச் சுருட்டியிருந்தேன். அப்படிச் செய்தால் முறுக்கெல்லாம் முளைப்பக்கம் தள்ளப்பட்டு அங்கேயே குவிந்து நிற்கும். முளையிலிருந்து தொடங்கி முனையை நோக்கிச் சுருட்டுங்கள். முறுக்கு தளர்ந்த முனை வழியாக வெளியே போய்விடும். வலமுறுக்குக் கயிற்றுக்குக் கடிகாரச் சுற்று. ஒவ்வொரு வளையத்துக்கும் கயிற்றைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அரைச்சுற்று உருட்டினால் வளையம் தட்டையாக விழும். பின்னல் கயிறாக இருந்தால் வட்டமாகச் சுருட்டவேண்டாம். எட்டு வடிவில் இடமும் வலமுமாக மடித்து அடுக்குங்கள்.

தொங்கவிட, முளையை ஒட்டிய கயிற்றில் ஒரு கண்ணியைச் சுருளின் நடுவழியாக வெளியே இழுத்து, ஒரு முறுக்குக் கொடுத்து, முளையின் தலையில் மாட்டுங்கள். கழற்ற ஒரே அசைவு போதும்.

படி 10: இறக்குவது

கட்டை அவிழ்க்கும்முன் சுருளை இறக்கித் தளத்தில் கவிழ்த்து வையுங்கள். முளைக்குப் போகும் பகுதி சுருளின் மேலே வரவேண்டும், தளர்முனை அடியில். அடியிலுள்ள முனை எங்காவது கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது மேலே பறந்து கப்பியைவிட்டே வெளியேறும்.

எட்டு வடிவச் சுற்றுகளை ஒவ்வொன்றாக எடுங்கள். முளைக்கு அடியில் உள்ள அந்த முதல் சுற்றை மட்டும் விட்டுவையுங்கள். அந்தச் சுற்றின் உராய்வில் கயிற்றைச் சிறிது சிறிதாக நழுவ விடுங்கள். உள்ளங்கையைக் கயிற்றின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போங்கள், இறுக்கிப் பிடித்து வழுக்கவிடாதீர்கள். கயிறு வேகமெடுத்தால் கையை எடுத்துவிடுங்கள். பாய் விழுந்தால் எடுத்துக் கட்டலாம். உரிந்த தோல் ஆற மூன்று வாரம் ஆகும்.

இரண்டு ஆஞ்சானையும் ஒருசேர விடுங்கள், நுனி சற்றே உயர்ந்திருக்கட்டும். நுனி முன்னே விழுந்துவிட்டால் காஃப் பாயோடு சேர்ந்து ஒரு பக்கம் ஆடத் தொடங்கும். காஃப் பாதியில் நின்றுவிட்டால் அவசரப்பட்டு எல்லாவற்றையும் அவிழ்த்து விடவேண்டாம். இழுமுனையை ஒரு கை நீளம் திரும்ப இழுத்து விடுங்கள். கப்பியில் மடிந்தது பெரும்பாலும் அதிலேயே கழன்றுகொள்ளும். அன்று மாலை எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

பாயைக் கட்டி முடித்தபின் ஆஞ்சான் மணிலா என்றால் அதைச் சற்றுத் தளர்த்திக் கட்டுங்கள். இரவுப் பனியில் அது சுருங்கி இறுகும். காலையில் வெயில் ஏறியதும் சுருளைக் கழற்றி விரித்துக் காயப்போட்டு, மறுபடி முளையிலிருந்து சுருட்டுங்கள்.